சிஸ்டரோட தங்கச்சி

ஆம்பூர்,
14.5.2023

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை செலின் எழுதுவது. அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. எனக்கு வயிற்றெரிச்சலைத் தவிர வேறு நோய் இல்லை. ஏற்காட்டு மடத்துக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா?

வயிற்றெரிச்சல் எதற்கு என்று கேட்பாய். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. நல்ல மார்க்தான், ஆனால் நர்சிங் வொகேஷனல் குரூப்பில் எடுத்த மார்க். குரூப் பெயரிலேயே நர்சிங் இருக்கிறதே, முடித்தால் நேராக ஆஸ்பத்திரிதான் என்று அப்பா, அம்மா, நான், நம் கோயிலில் பாதிப் பேர் எல்லாரும் நம்பியிருந்தோம். இப்போது போய்க் கேட்டால், பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டுமாம். நர்சிங் படித்தவளுக்கு நர்சிங்கில் இடமில்லை.

அதனால் பி.பி.ஏ. படிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஷூ கம்பெனி ஆபீஸில் வெளிநாட்டு ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற பெண்கள் இருக்கிறார்களே, நீ செக்கிங்கில் வேலை பார்த்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்வாயே, அந்த நாற்காலிதான் எனக்கு வேண்டும். காட்பாடியில் உங்கள் சபை நடத்துகிற காலேஜில் விண்ணப்பம் போட்டேன். பிளஸ் டூ பாஸ் செய்த யாரும் போடலாம். ஆனால் காமர்ஸ், அக்கவுண்டன்சி படித்தவர்களுக்குத்தான் முதல் இடம். வொகேஷனலுக்கு ஏதோ ஒன்றிரண்டு சீட். என் பெயர் லிஸ்டில் கடைசியில் தொங்குகிறது.

காலேஜ் ஆபீஸில் சோபனா மேடம் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்: "உங்க வீட்ல யார்னா மடத்துல இருக்காங்களா? சிஸ்டர்ஸோட கூடப்பொறந்தவங்கன்னா சபை லிஸ்ட்ல சீட்டும் ஹாஸ்டலும் தருவாங்க. மதர் கிட்டருந்து லெட்டர் வரணும்."

அக்கா, கேட்பாயா? கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

உன் ஜெபத்தில் எனக்கும் ஒரு ஓரம் ஒதுக்கு.

செலின்

*

நவிஷியேட், ஏற்காடு,
11.6.2023

அன்புச் செலினுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே சுகம். அப்பாவைப் பனியன் மேல் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகச் சொல். அம்மாவைத் தையல் மெஷின் முன்னால் நாள் முழுக்க உட்கார விடாதே.

கேட்டேன். இங்கே வந்து நானாக வாய்திறந்து கேட்ட முதல் விஷயம் அதுதான். நவிஷியேட்டில் எங்களுக்குத் துறவறப் பயிற்சி கொடுக்கிற மிஸ்ட்ரஸ் சிஸ்டர் சிரித்துவிட்டு, "நீ எங்களுக்கு, உன் தங்கச்சி நம்ம காலேஜுக்கு. சரியாப் போச்சு" என்றார்கள். லெட்டர் போய்விட்டதாம். இனி அழாதே.

இங்கே போன் கிடையாது என்று உனக்குத் தெரியும். மாதத்தில் இரண்டாம் ஞாயிறு ஒரு கடிதம் எழுதலாம். எழுதுவதையும் வருவதையும் மிஸ்ட்ரஸ் சிஸ்டர் படித்த பிறகுதான் தருவார்கள். அதனால் யாரையாவது கிண்டல் செய்து எழுதுவதென்றால் கொஞ்சம் பார்த்து எழுது.

மூன்று வருடமும் ஒழுங்காகப் படி. எனக்காகவும் வேண்டிக்கொள்.

அக்கா கிறிஸ்டினா

*

காலேஜ் ஹாஸ்டல், காட்பாடி,
23.7.2023

என் அருமை அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். ஹாஸ்டல் சாப்பாட்டில் உப்பு கம்மி, ஜெபம் ஜாஸ்தி. (மிஸ்ட்ரஸ் சிஸ்டர், இது சும்மா விளையாட்டுக்கு.) உடம்பு நன்றாக இருக்கிறது. உனக்குப் பனி பிடித்துச் சளி கட்டியிருந்தால் மறைக்காமல் எழுது.

படிப்பு எப்படி என்று தெரிந்துகொள். ஆறு செமஸ்டர். பார்ட் ஒன்று தமிழ், பார்ட் இரண்டு இங்கிலீஷ். இந்த இரண்டும் முதல் வருடத்தோடு போய்விடும். பார்ட் மூன்றுதான் உயிர்: மேனேஜ்மென்ட், அக்கவுண்டிங், அப்புறம் மார்க்கெட்டிங், ஃபைனான்ஸ் என்று ஏறிக்கொண்டே போகும். இரண்டாம் வருடம் முடிந்து லீவில் ஏதாவது கம்பெனியில் இன்டர்ன்ஷிப். ஆறாவது செமஸ்டரில் புராஜெக்ட். ஒவ்வொரு பேப்பருக்கும் காலேஜ் கையில் இருபத்தைந்து மார்க், பரீட்சையில் எழுபத்தைந்து. வருகை குறைந்தால் பரீட்சையே எழுத விடமாட்டார்கள்.

மேனேஜ்மென்ட் பாடத்தில் திட்டமிடுவது, ஆள் வைப்பது, கட்டுப்படுத்துவது என்று பெரிதாக நடத்துகிறார்கள். எல்லாம் நம்ம அம்மா செய்வதுதான். அக்கவுண்டிங்தான் பேஜார். டெபிட் எந்தப் பக்கம் என்று பக்கத்தில் இருக்கிற ஃபீபியைக் கேட்டேன். "பிளஸ் டூல இன்னா படிச்ச நீ?" என்றாள். ஊசி போடப் படித்தேன் என்றேன். அவள்தான் இப்போது எனக்கு டியூஷன் டீச்சர்.

இன்னொன்று. இங்கே என் பெயர் செலின் இல்லை. பிரின்சிபால் சிஸ்டரிலிருந்து சமையல்கார அம்மா வரைக்கும் "சிஸ்டரோட தங்கச்சி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஜன்னல் பக்கம் கட்டில் கொடுத்திருக்கிறார்கள். ஆம்பூரில் தோல்வாசனையோடு வளர்ந்தவளுக்கு இப்படி ஒரு மரியாதை. பிடித்திருக்கிறது அக்கா. பொய் சொல்வானேன்.

உன்னால் வந்ததை மறக்க மாட்டேன்.

செலின்

*

ஏற்காடு,
10.9.2023

அன்புச் செலினுக்கு,

சளி இல்லை. சாப்பிடுகிறேன். வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

ஆகஸ்டில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், ஒன்றும் வரவில்லை.

உன் படிப்பு எப்படிப்பட்டது என்று நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். ஒரு சந்தேகம். சீட் என்பது எப்போது உறுதியாகும்? சேர்ந்த உடனேயா, முதல் வருடம் முடிந்த பிறகா? பொதுவாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கட்டில் ஜன்னல் பக்கம் என்றால் மழைக்காலத்தில் தலைமாட்டை மாற்றிப் போட்டுக்கொள்.

அக்கா

*

காட்பாடி,
15.10.2023

அன்பு அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். கடிதம் இவ்வளவு சின்னதாக இருந்தால் நம்பத்தான் முடியும்.

நீ கேட்டது நல்ல சமயத்தில் கேட்டாய். போன வாரம் யூனிவர்சிட்டி ரிஜிஸ்டர் நம்பர் வந்துவிட்டது. சோபனா மேடம் கூப்பிட்டுக் கையில் கொடுத்து, "இனிமே உன் சீட்ட ஆண்டவனே வந்தாலும் அசைக்க முடியாது" என்றார்கள். லிஸ்ட், லெட்டர் எல்லாம் சேரும்வரைதானாம். நம்பர் வந்துவிட்டால் நான் யூனிவர்சிட்டி மாணவி. ஹாஸ்டல் மட்டும்தான் மடத்துக் கையில்.

உன் வீட்டு நர்ஸ் இப்போது பாதி மேனேஜர். சந்தோஷத்தில் மெஸ்ஸில் ரெண்டு தோசை கூட வாங்கிச் சாப்பிட்டேன். அக்கவுண்டிங் இன்டர்னலிலும் பாஸ். ஃபீபிக்கு நீயும் ஒரு நன்றி சொல்.

பெரிய கடிதமாக எழுது.

செலின்

*

ஏற்காடு,
28.12.2023

செலின்,

இதை ஜான்சன் மாமா கையில் கொடுத்து அனுப்புகிறேன். கிறிஸ்துமஸுக்கு என்னைப் பார்க்க வந்திருக்கிறார். உறையை ஒட்டி, உன்னிடம் கொடுக்கச் சொல்லி யாரும் பார்க்காதபோது அவர் பையில் வைக்கப் போகிறேன். அவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. மிஸ்ட்ரஸ் சிஸ்டர் படிக்காத கடிதம் இது ஒன்றுதான்.

எனக்கு இங்கே முடியவில்லை. யாரும் கொடுமை செய்யவில்லை, நல்லவர்கள். ஆனால் எல்லாரும் கண்ணை மூடினால் நானும் மூடுகிறேன், உள்ளே ஒன்றும் நடப்பதில்லை. கோயிலில் பாட்டு நன்றாகப் பாடுவாள், அடக்கமான பெண் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் இது ஆண்டவரின் அழைப்பு என்று நினைத்துவிட்டேன். செக்கிங் டேபிளில் நிற்கிற கனவு வருகிறது. ஷூவின் மேல்பாகத் தையலில் ஒரு பிசகைக் கண்டுபிடித்து ஒதுக்கி வைத்தால் மனசுக்கு ஒரு நிம்மதி வருமே, அதுகூட இங்கே வரவில்லை. வீட்டுக்கு வரவேண்டும் போலிருக்கிறது, செலின்.

மே மாதம் என் முதல் வார்த்தைப்பாடு, துறவறத்துக்கான சத்தியம். அதற்கு முன்னால் சொல்லிவிட்டால் சுலபம், மரியாதையாக அனுப்பிவிடுவார்கள். நான் பயப்படுவது உன் சீட்டுக்கு மட்டும்தான். என் பெயரில்தானே கொடுத்தார்கள். நம்பர் வந்துவிட்டது என்று எழுதினாய். இருந்தாலும் ஆபீஸில் இன்னொரு முறை நன்றாக விசாரித்துச் சொல். உன் படிப்பு போகும் என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

பதிலில் நேராக எழுதாதே. "அந்தப் பேப்பரை விட்டுவிடலாமா" என்று கேட்டதாக வைத்துக்கொண்டு எழுது. புரிந்துகொள்வேன்.

அம்மாவிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதே.

அக்கா

*

காட்பாடி,
21.1.2024

அன்பு அக்காவுக்கு,

பொங்கல் நன்றாகப் போனது. அம்மா வெண்பொங்கலில் மிளகை அள்ளிப் போட்டுவிட்டார்கள். அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு பூசைக்குப் போனார். பங்குச் சாமியார் பீடத்தில் நின்று, "நம்ம ஆரோக்கியசாமி மகள் மே மாசம் வார்த்தைப்பாடு குடுக்கப் போறா, நம்ம பங்குல இருபது வருஷத்துக்கு அப்புறம் ஒரு சிஸ்டர்" என்று அறிவித்தார். கோயிலே கை தட்டியது. அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள், சந்தோஷத்தில்தான். என்னிடமும் நிறையப் பேர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

காலேஜில் இரண்டாவது செமஸ்டர் பாடம் ஆரம்பித்துவிட்டது. மார்க்கெட்டிங் சுலபம். பிசினஸ் கணக்கு அவ்வளவு சுலபமில்லை. ஃபீபிக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. ஹாஸ்டலில் புதிதாகத் தண்ணீர் மெஷின் வைத்திருக்கிறார்கள்.

நீ கேட்ட அந்தப் பேப்பர் விஷயம் ஆபீஸில் விசாரித்தேன். விட்டால் டிகிரியே போய்விடுமாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

செலின்

*

ஏற்காடு,
11.2.2024

அன்புச் செலினுக்கு,

எல்லாரும் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி. ஃபீபிக்குக் காய்ச்சல் விட்டது பற்றியும் மகிழ்ச்சி.

விசாரித்துச் சொன்னதற்கு நன்றி. அந்தப் பேப்பரை விடவில்லை.

ரிஜிஸ்டர் நம்பர் வந்தபோது நீ எழுதிய கடிதத்தை நேற்று மறுபடியும் எடுத்துப் படித்தேன். எவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தாய்.

கணக்கில் சந்தேகம் இருந்தால் அன்றன்றைக்கே கேட்டுவிடு, சேர்த்து வைக்காதே.

அக்கா

*

ஏற்காடு,
10.3.2024

அன்புச் செலினுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. பரீட்சை வேலையாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

மே முதல் தேதி, உழைப்பாளர் சூசையப்பர் திருநாளில் வார்த்தைப்பாடு. அப்பா அம்மாவுக்குத் தனியாக அழைப்பு வரும். உனக்குப் பரீட்சை இருந்தால் வரவேண்டாம். அதற்கு முன்னால் தியானம். ஏப்ரல் இருபத்தொன்று ஞாயிறு மாலை தொடங்கி, பூசை முடிகிறவரை நாங்கள் யாரோடும் பேசக்கூடாது. அந்த நாட்களில் வரும் கடிதங்களை மிஸ்ட்ரஸ் சிஸ்டர் மேசையில் பூட்டி வைத்து, எல்லாம் முடிந்த பிறகு தருவார்கள். ஏதாவது எழுதுவதென்றால் அதற்கு முன்னால் கிடைக்கும்படி எழுது.

எழுத ஒன்றுமில்லை என்றாலும் பரவாயில்லை, நலம் என்று ஒரு வரி போடு.

அக்கா

*

காட்பாடி,
14.4.2024

அக்கா,

நலம் விசாரிக்க எனக்குத் தகுதி இல்லை. நேராக எழுதுகிறேன். மிஸ்ட்ரஸ் சிஸ்டர் படித்தாலும் படிக்கட்டும்.

ஜனவரியில் நான் எழுதியது பொய். ஆபீஸில் கேட்டேன் என்பது உண்மை. சோபனா மேடம் அக்டோபரில் சொன்னதையேதான் திரும்பச் சொன்னார்கள். நீ வெளியே வந்தால் என் சீட் போகாது. ஹாஸ்டல் மட்டும்தான் போகும். "ஹாஸ்டல் போனா இன்னா, ஆம்பூர்ல இருந்து ரயில்ல எத்தினி பொண்ணுங்க வர்றாங்க" என்று சிரித்தார்கள்.

அதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன். உனக்கு எழுத உட்கார்ந்தபோது கை வேறு மாதிரி எழுதியது. கை என்று சொல்வதும் பொய். நான்தான் எழுதினேன். பொங்கல் பூசையில் கை தட்டினார்களே, அது காதில் இருந்தது. மடத்திலிருந்து திரும்பி வந்தவள் வீடு என்று நாளைக்கு அதே கோயிலில் பேசுவார்கள் என்று பயந்தேன். இங்கே ஜன்னல் பக்கக் கட்டில் போய்விடும், சிஸ்டரோட தங்கச்சி போய்விடும், வெறும் செலினாகக் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும் என்று நினைத்தேன். இதற்காக உன்னை அங்கே வைத்துப் பூட்டினேன்.

நீ கண்டுபிடித்துவிட்டாய். அக்டோபர் கடிதத்தை மறுபடி படித்ததாக எழுதினாயே, அந்த வரியைப் பார்த்து ரெண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனாலும் பதில் போடவில்லை.

வந்துவிடு அக்கா. மே மாதத்துக்கு முன்னால் சொல்லிவிடு. என் படிப்புக்கு ஒன்றும் ஆகாது.

செலின்

*

ஏற்காடு,
12.5.2024

அன்புச் செலினுக்கு,

ஆண்டவர் கிருபையால் நலம். அப்பா, அம்மா, ஜான்சன் மாமா எல்லாரும் வந்திருந்தார்கள். அம்மா ஆம்பூரிலிருந்து பிரியாணிகூட வாங்கி வந்தார்கள். வரும் வழியிலேயே அது கெட்டுவிட்டது, பாவம். பரீட்சை நன்றாக எழுதினாயா?

உன் கடிதம் தியான நாட்களில் வந்து, பூசை முடிந்த அன்று சாயங்காலம் கையில் கிடைத்தது. சிஸ்டர் பிரிக்காமலே கொடுத்தார்கள். வார்த்தைப்பாடு கொடுத்தவளின் கடிதத்தை இனி அவர்கள் படிக்க மாட்டார்கள்.

கடிதத்தில் ஏப்ரல் பதினான்கு என்று போட்டிருக்கிறாய். உறைமேல் காட்பாடி முத்திரை இருபத்திரண்டு. செக்கிங்கில் நின்ற கண், பழக்கம் விடவில்லை.

பரவாயில்லை. வார்த்தைப்பாடு ஒரு வருடத்துக்குத்தான். அடுத்த மே மாதம் மறுபடி கேட்பார்கள். அப்போது நீ நாலு செமஸ்டர் முடித்திருப்பாய். அதற்கு அடுத்த மே மாதம் டிகிரியே முடிந்துவிடும். ஹாஸ்டலை விடாதே. ரயிலில் வந்து போனால் படிக்க நேரம் இருக்காது.

மனசில் வைத்துக்கொள்ளாதே. சாப்பிடு.

அக்கா கிறிஸ்டினா

*

ஆம்பூர்,
25.5.2024

அக்காவுக்கு,

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உடம்பு சுகம். மனசு சுகமில்லை, காரணம் நான்.

எட்டு நாள் அந்தக் கடிதம் என் பையில்தான் இருந்தது. தபால் பெட்டி ஹாஸ்டல் வாசலிலேயே இருக்கிறது. தினமும் தாண்டிப் போனேன். அன்றைக்கு எழுதி அன்றைக்கே போட்டிருந்தால் சேர்ந்திருக்கும். திங்கட்கிழமை போட்டால் மேசைக்குள் போய்விடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் திங்கட்கிழமை போட்டேன். உண்மையைச் சொன்னதாகவும் இருக்கும், ஒன்றும் நடக்காமலும் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். முதல் பொய்யையாவது பயத்தில் சொன்னேன். இதை யோசித்துச் செய்தேன்.

போன வாரம் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டேன். ஜூனிலிருந்து ரயிலில்தான் போவேன். அப்பா, அம்மா ரெண்டு பேரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன், ஜான்சன் மாமா பையில் வந்த கடிதத்திலிருந்து. அம்மா ரொம்ப அழுதார்கள். "ஊரு இன்னா பேசும்" என்றுதான் முதலில் வந்தது. பிறகு, "எம்பொண்ணு கூப்ட்டுக் கூப்ட்டுப் பாத்திருக்காளே, எனக்குக் கேக்கலியே" என்றார்கள். அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பேசறவன் பேசட்டும். அவ வர்றதுன்னா வரச் சொல்லு" என்றார்.

பங்குச் சாமியாரிடமும் கேட்டேன், யாரோ ஒருவருக்குக் கேட்பது மாதிரி. வருடம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லையாம். எழுதிக் கேட்டால் நடுவிலும் விடுவிப்பார்களாம். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். என் தலைமேல் கையை வைத்தார்.

நீ வரத்தான் வேண்டும் என்று சொல்லவில்லை. அதைச் சொல்கிற வாயும் எனக்கு இல்லை. அங்கே இருப்பதென்றால் உனக்குப் பிடித்து இரு. என் செமஸ்டரை எண்ணிக்கொண்டு இருக்காதே. நான் படித்து முடிக்கும்வரை என்று இன்னொரு மே மாதம் நீ வார்த்தைப்பாடு கொடுத்தால், நான் படிப்பை நிறுத்திவிடுவேன். மிரட்டலாக எடுத்துக்கொண்டாலும் சரி.

இதைத் தபாலில் போடவில்லை. எனக்குத் தபால் மேல் நம்பிக்கை இருக்கிறது, என் மேல்தான் இல்லை. நாளைக்குக் காலையில் கிளம்பி நானே கொண்டுவருகிறேன். இதை நீ படிக்கும்போது நான் உங்கள் மடத்துப் பார்வையாளர் அறையில், உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். படித்து முடித்ததும் திட்டு, அறைந்தாலும் வாங்கிக்கொள்கிறேன், பேசாமல் எழுந்து உள்ளே போனாலும் சரி. பரவாயில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே, அக்கா.

செலின்